விக்டோரியா காலத்துப் பணக்கார வீட்டு மர்மக் கதைகள் ஏன் இப்படி இழுக்கின்றன?

நெல்லை வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒரு கேள்வி. இங்கே என்னைவிட நிறையப் படித்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

இரண்டு வருஷமாக நான் படிப்பதில் முக்கால்வாசி ஒரே வகைதான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, விக்டோரியா ராணி காலம், ஒரு பெரிய வீடு, அதில் வசதியான ஒரு குடும்பம், ஐம்பது பக்கம் போவதற்குள் ஒரு சாவு. அப்பா பாங்க் முதலாளியாகவோ பருத்தி வியாபாரியாகவோ இருப்பார். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் இரண்டு பெண்கள், வெளியே சொல்லாமல் கடன் வாங்கி வைத்திருக்கும் ஒரு பையன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் பேசாத ஓர் அத்தை. ஒருநாள் ராத்திரி யாரோ செத்துப்போகிறார்கள். மறுநாள் காலையில் மிச்சம் இருப்பவர்கள் கறுப்பு உடுத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்கிறார்கள், டீ ஊற்றுகிறார்கள், ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அந்த இடம் வந்துவிட்டால் எனக்கு ராத்தூக்கம் போச்சு, முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

அக்கா பார்த்துவிட்டுக் கேட்டாள், "ஊரான் வீட்டுச் சொத்துத் தகராறு உனக்கு எதுக்குடி?" என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் காலத்துக் கொலைக் கதை என்றால், சிசிடிவி, செல்போன் டவர், டிஎன்ஏ எல்லாம் வரும், பத்துப் பக்கத்தில் அலுத்துவிடுகிறது. நூற்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய, நான் பார்த்தே இராத ஊரில் நடக்கும் கதை மட்டும் ஏன் பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரி படபடக்க வைக்கிறது?

எனக்குத் தோன்றிய ஒரே காரணம் அந்தத் துக்க உடைதான். புருஷன் செத்தால் மனைவி இரண்டு வருஷத்துக்குக் குறையாமல் துக்கம் காக்க வேண்டும், முதல் வருஷம் முழுக்க கிரேப் என்கிற மினுமினுப்பே இல்லாத கறுப்புத் துணி. நகை போட்டால் அதுவும் விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கறுப்புக் கல்லில் செய்ததாக இருக்க வேண்டும். மனைவியை இழந்தவனுக்கோ சில மாதம் போதும். ஒருத்தி கிரேப்பை ஒரு மாதம் முன்னால் கழற்றினால்கூடத் தெருவே பேசும். வெளியே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் உள்ளே என்ன கொதிக்கிறது என்று பார்க்கத்தான் நாம் போகிறோமோ?

இது வெறும் உடையும் சரவிளக்கும் செய்கிற மாயம்தானா, இல்லை வேறு ஏதாவது இருக்கிறதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


பழம்புத்தகப் பித்தன்:

சகோதரி, உங்கள் அக்கா வாயிலிருந்தே பதில் வந்துவிட்டது. சொத்துத் தகராறுதான் விஷயமே.

அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்தால் இந்தக் கதைகள் ஏன் பணக்கார வீட்டிலேயே நடக்கின்றன என்பது புரிந்துவிடும். 1870க்கு முன்னால் ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டால், அவள் கையில் இருக்கும் ரொக்கம், நகை, அவள் சம்பாதிப்பது எல்லாம் அன்றைக்கே புருஷனுடையது. வசதியுள்ள அப்பாக்கள் வக்கீலை வைத்துத் தனியாக ஒப்பந்தம் எழுதி, மகள் பணத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் பூட்டி வைப்பார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. 1870ல் ஒரு சட்டம் அரைகுறையாக வந்தது, 1882ல் வந்த சட்டம்தான் கல்யாணமான பெண்ணும் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று முழுசாகச் சொன்னது. விவாகரத்துக்கு வாருங்கள். 1857 சட்டப்படி, மனைவிக்கு இன்னொருவனோடு தொடர்பு இருப்பதைக் காட்டினால் ஆணுக்கு விடுதலை. பெண் கேட்டால் அது போதாது, அதோடு கொடுமையோ கைவிட்டுப் போனதோ இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நிலமோ பெரும்பாலும் மூத்த மகனுக்கு, மற்றவர்கள் அண்ணன் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். உயிலை மாற்றி எழுத வக்கீல் வருகிறார் என்ற செய்தி ஒன்றே போதும், வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் வயிற்றைக் கலக்கும். பிடிக்காத புருஷனைவிட்டுப் போக வழி இல்லை, பிடிக்காத மருமகளை வெளியே தள்ள வழி இல்லை, ஒரே ஒரு உயிர் போனால் எல்லாம் மாறிவிடும். ஆசிரியர் மெனக்கெட்டு யாருக்கும் கொலைக் காரணம் தேடித் தர வேண்டியதில்லை, சட்டமே எல்லார் கையிலும் ஒவ்வொன்று கொடுத்துவைத்திருக்கிறது.

கற்பனை வேண்டாம், நிஜமாக நடந்ததைச் சொல்கிறேன். 1876, லண்டன் பால்ஹம் பகுதியில் ப்ரையரி என்ற வெள்ளை மாளிகை. ஃபுளோரன்ஸ் என்ற இளம் விதவை, முதல் புருஷன் விட்டுப்போன 40,000 பவுண்டு அவள் பெயரில். அந்தக் காலத்தில் அது பெரும் செல்வம். மால்வெர்னில் நீர்ச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் கல்லி என்ற வயதானவரோடு அவளுக்குப் பழக்கம் இருந்தது, அதனால் பெற்றவர்களே வாசலில் சேர்க்கவில்லை. பேர் மீள வேண்டும் என்றுதான் சார்லஸ் பிராவோ என்ற இளம் பாரிஸ்டரை 1875 டிசம்பரில் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே தகராறு வந்தது, எதற்குத் தெரியுமா? அவள் பணம் ஒப்பந்தத்தில் பூட்டப்பட்டிருந்தது, சரி, வீட்டு மேஜை நாற்காலியாவது என் பெயருக்கு வர வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் அவள் விட்டுக்கொடுத்தாள். கல்யாணமானதும் குதிரை எதற்கு, தோட்டக்காரன் எதற்கு, கூடவே துணைக்கு இருக்கும் திருமதி காக்ஸ் எதற்கு என்று அவன் செலவைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தான்.

ஏப்ரல் 18 ராத்திரி. சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போன சார்லஸ் கொஞ்ச நேரத்தில் அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்து வெந்நீர் கேட்டுக் கத்துகிறான். மூன்று நாள் துடித்துச் செத்தான். ராணிக்கே வைத்தியம் பார்த்த சர் வில்லியம் கல் வந்து பார்த்தும் பிழைக்கவில்லை. உடலில் ஆன்டிமனி என்ற விஷ உலோகம். சாப்பாட்டில் குடித்த பர்கண்டி ஒயினிலா, படுக்கை அருகில் இருந்த தண்ணீர்ச் சாடியிலா, எதில் கலந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவது விசாரணையில் இது கொலைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள், செய்தது யார் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள். ஒருவர்மேலும் வழக்குப் பதிவாகவில்லை. ஃபுளோரன்ஸ் குடித்துக் குடித்தே 1878ல் போய்விட்டாள்.

மனைவி, மனைவியின் பழைய காதலன், வேலை போய்விடுமோ என்று பயந்த துணைப்பெண், முன்பே வேலையைவிட்டு அனுப்பப்பட்டு ஆத்திரத்தில் பேசிய வண்டிக்காரன். இவர்களில் யார் என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் படிக்கும் நாவல்களில் பாதிக்கு அச்சு இந்த வீடுதான்.


மணி கோவை:

பித்தன் சார் சொல்வதில் தப்பில்லை, ஆனால் எனக்கு சட்டமெல்லாம் அப்புறம்தான். மூடுபனி, காஸ் விளக்கு, கல் பாவிய தெருவில் குதிரைக் குளம்புச் சத்தம், இது போதும் எனக்கு. லண்டன் பனி என்பது சும்மா பனி இல்லை, லட்சக்கணக்கான அடுப்புகளில் நிலக்கரி எரிந்த புகை சேர்ந்து மஞ்சளாக இறங்கும், எதிரே வருபவன் முகம் தெரியாது. அதைவிட நல்ல திரை எந்தக் கதாசிரியனுக்குக் கிடைக்கும்?

இன்னொன்று, இந்த ருசி நமக்குப் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் நாவல்களைத் தமிழில் தழுவி எழுதிக் கொடுத்தார், அதை விழுந்து விழுந்து படித்தார்கள். எங்கள் தாத்தா பெட்டியில் அட்டை போன இரண்டு இருந்தன, இப்போது எங்கே போயினவோ.


ஈரோட்டுக்காரி:

நான் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங்கில் பதினொரு வருஷம் இருந்தவள். அதனால் இந்தக் கதைகளில் என் கண் எப்போதும் வேலைக்காரர்கள் பக்கம்தான் போகும். சட்டம், பனி எல்லாம் இருக்கட்டும், என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் மாடிப்படிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னப் படிக்கட்டில் இருக்கிறது.

அந்த வீடுகளைக் கட்டும்போதே இரண்டு வீடாகத்தான் கட்டினார்கள். முன்படி எஜமானர்களுக்கு, பின்படி வேலைக்காரர்களுக்கு. நடுவில் பச்சைக் கம்பளித் துணி அடித்த ஒரு கதவு, சமையல் வாசனையும் சத்தமும் அந்தப்பக்கம் போகக் கூடாது என்று. அறைக்கு அறை மணி, அதிலிருந்து கம்பி இழுத்துக் கீழே வரிசையாக மாட்டியிருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அறைக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த மணி ஆடியது என்பது மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, கீழே படுத்திருக்கும் பதினைந்து வயசுப் பெண்ணுக்குத் தெரியும். காலையில் கணப்பு அடுப்பில் சாம்பல் அள்ளுகிறவளுக்கு, காகிதம் எரிந்த சாம்பலா கரி எரிந்த சாம்பலா என்பது தெரியும். யார் கட்டிலில் யார் படுக்கவில்லை என்பது விரிப்பை மாற்றுகிறவளுக்குத் தெரியும். 1891 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் வீட்டு வேலை செய்த பெண்கள் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல். அத்தனை கண்கள் அந்த வீடுகளுக்குள் இருந்திருக்கின்றன. ஹோட்டலில் நாங்கள் அறையைத் திறந்து இரண்டு நிமிஷத்தில், இங்கே சண்டை நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம். அதே மாதிரிதான்.

பித்தன் சார் ஒரு வழக்கு சொன்னார், நான் ஒன்று சொல்கிறேன். 1860 ஜூன் 29 ராத்திரி, வில்ட்ஷயரில் ரோட் ஹில் ஹவுஸ். சாமுவேல் கென்ட் என்ற தொழிற்சாலை இன்ஸ்பெக்டரின் வீடு. முதல் மனைவி இருக்கும்போதே வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த பெண்ணை, மனைவி செத்த பிறகு அவர் கட்டிக்கொண்டார், ஆக மூத்தாள் பிள்ளைகளும் இளையாள் பிள்ளைகளும் ஒரே வீட்டில். அன்று ராத்திரி இளையாளின் மகன், நாலு வயசுகூட நிரம்பாத சேவில், தொட்டிலிலிருந்து காணாமல் போகிறான். அதே அறையில் படுத்திருந்த ஆயா விடியற்காலையில் விழித்துப் பார்த்து, அம்மா எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தோட்டத்து மூலையில் வேலைக்காரர்கள் கழிப்பிடத்தில், கழுத்து அறுபட்ட பிள்ளையைக் கண்டெடுத்தார்கள்.

உள்ளூர்ப் போலீஸ் ஆயாவைச் சந்தேகப்பட்டது. லண்டனிலிருந்து ஜோனத்தன் விச்சர் என்ற டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் வந்தார். டிடெக்டிவ் பிரிவு என்பதே 1842ல்தான் தொடங்கியது, எட்டுப் பேரை வைத்து, அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர் அவர். அவர் எதைப் பிடித்தார் தெரியுமா? சலவைக் கணக்கு நோட்டை. மூத்தாள் மகள் கான்ஸ்டன்ஸுக்குப் பதினாறு வயசு, அவளுக்கு இருந்தது மூன்று ராத்திரி உடுப்பு, இப்போது இருப்பது இரண்டு. நோட்டில் மூன்றாவது சலவைக்குப் போனதாக எழுதியிருக்கிறது, வெளுக்கிற பெண்ணோ கூடையில் அது வரவே இல்லை என்கிறாள். விச்சர் இப்படி யோசித்தார்: அவள் சுத்தமான ஒன்றைச் சலவைக்குப் போட்டு நோட்டில் ஏறும்படி பார்த்துக்கொண்டாள், பிறகு வேலைக்காரப் பெண்ணை ஏதோ சாக்குச் சொல்லி நகர்த்திவிட்டுக் கூடையிலிருந்து அதையே திரும்ப எடுத்துக்கொண்டாள், ரத்தம் பட்டதை அழித்துவிட்டாள், தொலைத்த பழி வெளுக்கிறவள் தலையில் விழும். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. லினன் கணக்கில் ஒரு துண்டு குறைந்தால் யார் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார், ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். கண்ணியமான வீட்டுப் பெண்ணின் உள்ளுடுப்பைப் பற்றி தோட்டக்காரன் மகனான விச்சர் பேசுவதா என்று ஊரும் பத்திரிகைகளும் அவர்மேல் பாய்ந்தன. விச்சர் உடைந்துபோனார், சில வருஷத்தில் வேலையைவிட்டே விலகினார். 1865ல் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து, நான்தான் செய்தேன் என்றாள். இருபது வருஷம் சிறை, 1885ல் விடுதலை, பிறகு ஆஸ்திரேலியா போய் வேறு பெயரில் நர்ஸாக வேலை பார்த்து, 1944ல் நூறு வயசில் காலமானாள்.

வில்கி காலின்ஸ் 1868ல் 'மூன்ஸ்டோன்' என்ற நாவலை எழுதியபோது இந்த வழக்கு அவர் மனசில் இருந்தது. அதில் வரும் சார்ஜென்ட் கஃப் வீட்டுக்குள் நுழைந்ததும் சலவை நோட்டைக் கேட்கிறார், அங்கேயும் காணாமல் போவது ஒரு ராத்திரி உடுப்புதான், ரத்தத்துக்குப் பதில் பெயின்ட் கறை. அதற்குமேல் சொன்னால் படிக்காதவர்களுக்குக் கதை கெட்டுவிடும்.

நெல்லை தங்கச்சி, சாப்பாட்டு மேசையில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை என்றீர்களே. அந்த மேசைக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருப்பவளைப் பாருங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், சொன்னால் வேலை போகும், நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள். அவள் சொல்வாளா மாட்டாளா, எனக்கு அங்கேதான் மர்மம்.


நெல்லை வாசகி:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாவல் படித்தும் தட்டோடு நிற்கிறவளை நான் பார்க்கவே இல்லையே.

ஒரு சந்தேகம். அந்தப் பெண்ணின் மற்ற உடுப்புகளில் ரத்தம் இருக்கிறதா என்று சோதித்திருக்கலாமே, ஏன் ஒரு நோட்டை நம்பி நிற்க வேண்டும்?


லேப் ராஜி:

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், இதற்கு நான் சொல்கிறேன். ஒரு துணியில் இருப்பது ரத்தமா என்று ஓரளவு சொல்லலாம். மனுஷ ரத்தமா ஆட்டு ரத்தமா என்று 1860ல் யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதைப் பிரித்துக் காட்டும் சோதனையை ஜெர்மனியில் உலன்ஹூத் கண்டுபிடித்தது 1901ல், ரத்த வகைகள் தெரியவந்ததும் கிட்டத்தட்ட அப்போதுதான். லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியதும் அதே 1901. அதற்கு முன்னாலேயே 1897ல் கல்கத்தாவில் தொடங்கிவிட்டார்கள். அந்த முறையை வகுத்துக் கொடுத்ததில் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. அப்போது கல்கத்தாவில் மேலதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் அந்த முறைக்கு நிலைத்தது.

ஆக விக்டோரியா காலம் முழுக்க டிடெக்டிவ் கையில் இருந்தது கண்ணும் காதும்தான். விஷம் மட்டும் விதிவிலக்கு. 1836ல் மார்ஷ் என்ற வேதியியல்காரர் ஒரு சோதனை கொண்டுவந்தார். சந்தேகப்படும் பொருளை அமிலத்தோடும் துத்தநாகத்தோடும் சேர்த்து, வரும் வாயுவைச் சூடாக்கினால், ஆர்சனிக் இருந்தால் கண்ணாடிக் குழாயில் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுக்கலாக ஒரு படலம் படியும். கொஞ்சூண்டு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் 1851ல் சட்டம் வந்தது, ஆர்சனிக் வாங்குபவர் பெயரைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், சில்லறையாக விற்பதில் கரியோ நீலமோ கலந்து நிறம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை, மாவு என்று நினைத்து யாரும் சாப்பிட்டுவிடக் கூடாதே.

1857ல் கிளாஸ்கோவில் மேட்லின் ஸ்மித் என்ற பெண், அப்பா பேர்பெற்ற கட்டடக் கலைஞர், ரகசியக் காதலனுக்கு விஷம் வைத்ததாக வழக்கு. அவள் கடையில் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருந்தாள். எலிக்கு என்று கடைக்காரரிடம் சொன்னவள், முகத்துக்குப் பூச என்று விசாரணையில் சொன்னாள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் மட்டும் இருந்த 'நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்பில் வெளியே வந்துவிட்டாள். நாவல்களில் மருந்துக்கடை நோட்டைப் புரட்டும் காட்சி வந்தாலே எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வரும். இந்தக் காலத்துக் கதை உங்களுக்கு அலுப்பதற்கு நான் வேலை செய்கிற இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். எங்கள் மெஷின் பதிலைச் சொல்லிவிடுகிறது, விச்சரோ சலவை நோட்டை வைத்து யோசிக்க வேண்டியிருந்தது.


மாத்தளை வழி:

எல்லாரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்தக் கதைகளை விரும்பிப் படிப்பவன்தான், ஆனால் ஒரு விஷயம் இந்தத் திரியில் இன்னும் வரவில்லை, அது எனக்கு முக்கியமானது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

இப்போது எழுதப்படும் நாவல்கள் பலவற்றில் அது ஒரு வரியில் ஓடிவிடும். 'தாத்தா மேற்கிந்தியத் தீவுகளில் தோட்டம் வைத்திருந்தார்', 'மாமா கீழைநாட்டில் சம்பாதித்துத் திரும்பினார்'. உடனே விருந்து மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1833ல் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. அடிமைப்பட்டவர்களுக்குக் காலணா இல்லை, முழுக்க எஜமானர்களுக்கு. அதற்காக அரசு வாங்கிய கடன் முழுசாக அடைபட்டது 2015ல்தான். யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் பெயர்வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், எத்தனையோ கண்ணியமான குடும்பங்கள் அதில் இருக்கின்றன.

என் பூட்டன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு, கண்டிச் சீமைக்குப் போனவர். கோப்பிக் காலம், அதாவது காப்பித் தோட்டக் காலம். கங்காணி பின்னால் கூட்டமாக, மன்னாரில் இறங்கி, காட்டுவழியில் தம்புள்ளை தாண்டி மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில் இல்லை. அந்தக் கோப்பியை விற்ற காசில் லண்டனில் வீடு கட்டினார்கள், சரவிளக்கு மாட்டினார்கள். 1869ல் இலையில் நோய் வந்து கோப்பி அழிந்தது, தேயிலைக்கு மாறினார்கள், எங்கள் சனம் அதே லயத்தில், அந்த வரிசைக் குடிசைகளில்தான் கிடந்தது. அந்த மேசையில் டீ ஊற்றுகிறார்கள் என்று நெல்லை வாசகி எழுதியதைப் படித்தபோது எனக்கு அது உடனே தோன்றியது.

மூன்ஸ்டோனை நான் மதிப்பது இதனால்தான். அது யார்க்ஷயர் வீட்டில் தொடங்கவில்லை, 1799ல் திப்பு விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ஒரு வெள்ளைக்கார அதிகாரி வைரத்துக்காகக் கொலை செய்வதில் தொடங்குகிறது. பின்னால் அந்த வீட்டில் வரும் கஷ்டத்துக்கெல்லாம் மூலம் அங்கே இருக்கிறது என்று காலின்ஸ் முதலிலேயே காட்டிவிட்டார்.

இன்னும் ஒன்று, நான் எதிர்பாராமல் கண்டது. பிடிக்காத மனைவியைப் பைத்தியம் என்று சொல்லி அடைக்கிற கதை இந்த நாவல்களில் அடிக்கடி வரும் இல்லையா, அது நிஜத்திலும் நடந்தது. எட்வர்ட் புல்வர் லிட்டன், பெரிய நாவலாசிரியர், அரசியல்வாதி. பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா, 1858ல் ஹெர்ட்ஃபோர்டில் அவருடைய தேர்தல் மேடைக்கே வந்து எல்லார் முன்னாலும் அவர் வண்டவாளத்தை எடுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் டாக்டர் சான்றிதழோடு அவளைத் தனியார் மனநல விடுதியில் அடைத்துவிட்டார். பத்திரிகைகள் கூச்சல் போட்டதில் மூன்று வாரத்தில் விடவேண்டியதாயிற்று. மகன் ராபர்ட்டின் பொறுப்பில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த மகன் ராபர்ட் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்த லிட்டன் பிரபு. 1876ல் வைஸ்ராயாக வந்தவர், சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் தர்பார் நடத்தியவர். சார்லஸ் பிராவோ செத்த செய்தியை லண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்ததும் அதே 1876தான். ஒரு வீட்டுச் சாவுக்கு இரண்டு விசாரணை. இதைச் சொல்வதால் கதையைப் படிக்காதீர்கள் என்று அர்த்தம் இல்லை. நான் இன்னும் படிக்கிறேன், அந்த 'ஒரு வரி' வரும் பக்கத்தில் மடக்கி வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.


பழம்புத்தகப் பித்தன்:

மாத்தளை ஐயா, ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்ன ப்ரையரி வழக்கிலேயே திருமதி காக்ஸுக்கும் சார்லஸின் வளர்ப்புத் தந்தைக்கும் ஜமைக்காத் தொடர்பு உண்டு. நான் அதை ஒரு விவரமாகக்கூட எழுதவில்லை, பணம் யார் பெயரில் இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். லிட்டன் அம்மா மகன் விஷயம் எனக்கு இன்றுதான் தெரியும்.


நெல்லை வாசகி:

எல்லாருக்கும் நன்றி. மணி சாரின் மூடுபனியும் எனக்கு வேண்டும், அதையும் விட மாட்டேன். ஆனால் இனி சாப்பாட்டு மேசைக் காட்சி வந்தால் தட்டோடு நிற்கிறவளையும், கோப்பைக்குள் இருக்கிற தேயிலையையும் பார்க்காமல் தாண்ட முடியாது.

நேற்று ராத்திரி அக்காவிடம் ரோசினா கதையைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பி, "அப்புறம் அந்தம்மா என்ன ஆனா? பிள்ளை பார்த்துக்கிட்டானா?" என்று கேட்டாள். தேடிப் பார்த்ததில், 1880ல் அவள் கதையை அவளே எழுதியது அச்சில் வந்தது என்பதும், 1882ல் இறந்தாள் என்பதும் கிடைத்தன. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை யாராவது படித்திருந்தால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். இரண்டு நாளாக அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.